கற்கும் காலத்தின் செலவு: சங்கரதாஸ் சுவாமிகளும் பாலர் நாடகக் குழுக்களும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் சிறிது காலம் கணக்கராகப் பணியாற்றினார். 1891இல், தமது 24ஆம் வயதில், அப்பணியை விடுத்து நாடகத்துறைக்கு வந்தார். வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் பெரும்பாலும் இச்செய்தியை ஒரே தொடரில் கடந்துவிடுகின்றன. துறைமுக நகரில் கணக்கர் வேலை என்பது நிலையான வருவாய். அதை விட்டவர் தமது கற்கும் காலத்தை எதைக் கொண்டு கடந்தார் என்னும் வினா, தமிழ் நாடக வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

அவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை புதுக்கோட்டையில் கிடைக்கிறது. கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை சுவாமிகளைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டு தாள நுட்பங்களைக் கற்பித்தார். உணவும் உறைவிடமும் கல்வியும் ஓரிடத்தில் கிடைத்தன. அவற்றுக்கு விலை குறிக்கப்படவில்லை. புரவலர் மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆனால் சுவாமிகள் தம் மாணவர்களுக்கு அமைத்துத் தந்த ஏற்பாடு இதுவன்று. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் நாடகத்தைக் கற்றுக்கொண்டே நடித்தனர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குதான் சேர்ந்தனர். 1912இல் பிறந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. பாடம், பாட்டு, வசனம், உணவு, தங்குமிடம் ஆகிய அனைத்தும் குழுவின் பொறுப்பு. அச்செலவை ஈடுசெய்தது இரவுதோறும் கிடைத்த நுழைவுச்சீட்டு வசூல். அதாவது, மாணவன் தன் கல்விக்குரிய தொகையைத் தானே மேடையில் ஈட்டினான்.

இவ்வமைப்பைக் குருகுலம் எனப் போற்றுவோரும் உளர். சிறார் உழைப்புச் சுரண்டல் எனக் கடிவோரும் உளர். இரண்டும் பகுதி உண்மைகளே. வறுமையால் உணவுக்கு வழியற்ற வீடுகளின் பிள்ளைகளுக்குக் குழு அடைக்கலமாயிற்று, எம்.ஜி. இராமச்சந்திரன் தம் தமையனாருடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததற்கு வறுமையே காரணம். எனினும் இதே கடற்கரையின் முத்துக்குளிப்போடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். ஆங்கிலேய அரசு நடத்திய சலாபங்களில் மூழ்குவோர் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றனர். வசூல் எவ்வளவு பெருகினும் பாலநடிகனுக்கு அத்தகைய பங்கு கிடையாது. குழு தருவதே அவனுக்கு உரியது.

இந்த ஏற்பாட்டின் உண்மையான விலை மகரக்கட்டு உடையும் பருவத்தில் வெளிப்பட்டது. பாட்டே நாடகமாயிருந்த காலத்தில் குரலே முதல். குரல் உடைந்தவன் குழுவுக்குப் பயனற்றவனானான். பி.யு. சின்னப்பா அவ்வாறு விலகி, மீண்டும் இசை பயின்று, உடற்பயிற்சியில் தேர்ந்து, பின்னர் திரையில் புகழ்பெற்றார். நம் வரலாறுகள் இத்தகையோரைக் கொண்டே எழுதப்படுகின்றன. திரும்பி வராதவர்களின் பெயர்ப் பட்டியலை எவரும் தொகுக்கவில்லை. தன்வரலாறுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அவை வென்றவர்களால் எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ எத்துணை நேர்மையான நூலாயினும் இதற்கு விலக்கன்று.

விடுதலைக்குப் பின் கற்கும் காலத்தின் செலவை அரசு ஏற்கத் தொடங்கியது. 1959இல் உருவான தேசிய நாடகப் பள்ளி தன் மாணவர்க்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகக் கல்வித்துறை சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் இளங்கலைஞர்க்கான திட்டமொன்றில் 18 முதல் 25 வயதுடையோர்க்கு ஈராண்டுகள் மாதம் 5,000 ரூபாய் அளிக்கிறது. நாடகமும் அதில் அடங்கும். இங்கு மாணவன் தன் கல்விக்காக இரவுதோறும் ஈட்ட வேண்டியதில்லை. குரல் உடைந்தால் வெளியேற வேண்டியதுமில்லை. இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் இத்திட்டத்துக்கு விண்ணப்பிப்போர் ஏற்கனவே ஐந்தாண்டுகளேனும் குருவிடமோ நிறுவனத்திலோ பயின்றிருத்தல் வேண்டும் என்பது விதி. சுவாமிகளின் சபையில் ஆறு வயதுச் சிறுவன் எவ்வித முன்தகுதியுமின்றி நுழைந்தான். அவனது முதல் ஐந்தாண்டுகளை வசூல் சுமந்தது. இன்று உப்பளத் தொழிலாளியின் மகளோ மீனவரின் மகனோ நாடகம் பயில விரும்பின், அந்த முதல் ஐந்தாண்டுகளைக் குடும்பமே சுமக்க வேண்டியுள்ளது.