எல்லைக் கல்



1665-இல் லண்டனில் கொள்ளைநோய்; 1666-இல் பெருந்தீ. இவ்விரண்டு ஆண்டுகளையும் மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்த ஆசிரியருள் நானும் ஒருவன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, லண்டனுக்கு வெளியே இருந்த கிராமத்தார் என்ன செய்தார்கள்?" என்று வினவினான். "பாடத்தில் இல்லை; உட்கார்" என்றேன். விடை தெரியாமையை அதட்டலால் மறைத்த அச்செயல் இன்றும் என்னை உறுத்துகிறது. அவனுக்குக் கூறியிருக்க வேண்டிய விடையை உங்களுக்குக் கூறுகிறேன்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்து மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் ஸ்டோனி மிடில்டன் என்னும் அயலூர். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஈம் ஊர்த் தையற்காரர் வீட்டுக்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. அதைப் பிரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் மாண்டார். துணியில் ஒளிந்து வந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பர். நோய்க்கிருமி கண்டறியப்பட்டதோ 1894-இல்தான். அன்று காரணம் அறிந்தார் எவருமிலர்.

1666 ஜூன் மாதம் நோய் மீண்டும் சீறி எழுந்தது. ஊர்ப் பாதிரியார் வில்லியம் மொம்பெசன் இளைஞர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன்னிருந்த தாமஸ் ஸ்டான்லி, 1662-ஆம் ஆண்டுச் சமயச் சட்டத்திற்கு உடன்பட மறுத்துப் பதவி இழந்தவர். கொள்கையால் மாறுபட்ட இருவரும் ஒன்றுகூடி, எவரும் எல்லை கடத்தலாகாது என்று மக்களை இசைவித்தனர். ஓடினால் சிலர் பிழைக்கலாம்; ஆனால், நோய் அயலூரையும் பற்றுமன்றோ?

அடைபட்டோர்க்கு உணவு வேண்டாமா? டெவன்ஷயர் பிரபு பொருள்கள் அனுப்பி உதவினார். இரண்டு ஊர்களுக்கும் இடையே இன்றும் ஓர் எல்லைக் கல் கிடக்கிறது. அதிலுள்ள குழிகளில் காடியை ஊற்றி, ஈம் மக்கள் அதில் நாணயங்களை இட்டுச் செல்வர். மிடில்டன் மக்கள் உணவை வைத்துவிட்டு அவற்றை எடுத்துச் செல்வர் என்பது வழிவழிச் செய்தி. ஓரூர் தன்னை அடைத்துக்கொண்டது. மற்றோர் ஊர் அதனைக் கைவிடவில்லை.

இதற்குத் தந்த விலை பெரிது. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களில் கணவனையும் ஆறு மக்களையும் இழந்து, தாமே புதைத்தார். அதே மாதம் மொம்பெசனின் மனைவி கேத்தரினும் மறைந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது மாண்டோர் ஏறத்தாழ 260 பேர்.

பிற்காலத்தார் இக்கதைக்கு அணிகள் பல பூட்டியுள்ளனர் என்று ஆராய்ச்சியாளர் எச்சரிப்பர். அது முறையே. எனினும் இறந்தோர் பட்டியல் இருக்கிறது. மொம்பெசன் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. வயல்நடுவே ஹான்காக் குடும்பத்தின் கல்லறைகளும் இருக்கின்றன. சான்றையும் செவிவழிச் செய்தியையும் பிரித்தறிந்து, இரண்டையும் மதிப்பதே வரலாற்று மாணவன் கடமை.

மன்னர் பெயர்களும் போர் ஆண்டுகளும் மட்டும் வரலாறு அல்ல. அடுத்த ஊரானை எண்ணி ஓரூர் நின்ற இடத்திலேயே நின்றதும் வரலாறுதான். ஆகவே, பாடத்தில் இல்லாத வினாவை எழுப்ப அஞ்சாதீர்கள். அன்று எழுந்து நின்ற அந்த மாணவன் கேட்டது சரியான வினா.