றப்பர் விலையும் ஏழையின் உலையும்

தெஹியோவிட்டச் சரிவுகளில் பால்வெட்டிய தொழிலாளியும், கீழே வயல் உழுத கிராமத்தவரும் லண்டன் மாநகரைக் கண்டவரல்லர். எனினும் அங்கே றப்பர் விலை வீழ்ந்தபோது இருவர் வீட்டு உலையும் கொதிக்காது போயிற்று. அவ்வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகெங்கும் பரவியது. மோட்டார் வண்டி விற்பனை சுருங்கவே, றப்பரைக் கேட்பாரில்லை. 1925இல் இறாத்தல் 4 சிலிங்குக்கு மேல் விற்ற றப்பர், 1932இல் 2 பென்சுக்கும் கீழே இறங்கியது. பல தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திரும்பினர். எஞ்சியோரின் கூலியும் குறைந்தது. தாழ்நாட்டுத் தோட்டங்களில் 1929இல் சட்டப்படி 50 சதமாயிருந்த ஆணின் நாட்கூலி, 1933இல் 41 சதமாயிற்று. 1931இல் தொழிலாளர் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யர் இக்குறைப்பை எதிர்த்துப் போராடினார். மீனாட்சி அம்மையார் தம் பாடல்களால் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார்.

அயற் கிராமத்தவர் நிலை இதனினும் கொடிது. சொந்த வயல் இருந்தும், காசுக்கு அவர்கள் சிறு றப்பர்க் காணியையும் தோட்டத்து நாள்வேலையையுமே நம்பினர். இரண்டும் ஒருங்கே போயின. 1934இல் மழையும் பொய்த்து நெல் கருகியது. வற்றிய ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகி மலேரியா பரவியது. 1935க்குள் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரிது. தோட்டங்களில் மருந்துச்சாலையும் கொயினாவும் கடனரிசியும் இருந்தமையால் அங்கே சாவு குறைவு. கிராமத்திலோ, பசியால் மெலிந்த உடலைக் காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது.

1934ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைக்குப் பின் றப்பர் விலை மீண்டது. ஆனால் கைவிட்டுப் போன காணியும் மாண்ட உயிரும் மீளவில்லை. விலை வீழ்ச்சி எல்லோரையும் தாக்கும். யாரை நிரந்தர வறியவராக்கும் என்பதை அன்று வீட்டிலுள்ள கையிருப்பே தீர்மானிக்கும்.

2022இலும் இதையே கண்டோம். அவ்வருடம் செப்டெம்பரில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாய் நாட்சம்பளமோ மாறவில்லை. நகை அடகுக்கடைக்குப் போயிற்று. பிள்ளை பள்ளி விட்டு வேலைக்குப் போயிற்று. நகையை ஒருநாள் மீட்கலாம். இழந்த படிப்பை மீட்பது அரிது.

ஆதலின் பெரியோர் வழிகாட்ட, இளைஞராகிய நாம் மாதந்தோறும் சிறு தொகையேனும் சேர்த்து வைப்போம். அடுத்த அடி விழும் நாளில் நம் ஊரில் ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்காதிருக்க அது உதவும்.