முத்திரை மரக்கால்

கீழ்வெண்மணி என்றதும் 1968 டிசம்பர் 25 இரவும் ஒரே குடிசையில் கருகிய 44 உயிர்களும் நினைவுக்கு வருகின்றன. வர வேண்டியதுதான். ஆனால் அந்த இரவுக்கு முன்னால் 25 வருஷங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இலக்கியக்காரர்களுக்கு அக்கறை இல்லை. தீ கண்ணில் பட்டுவிடுகிறது. சேரிச் சேரியாகக் கூட்டம் போட்டதும் சந்தா வசூலித்ததும் படுவதில்லை.

1943இல் கட்சி வேலையாகக் கீழத்தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ் தென் கன்னடத்துக்காரர். அந்த வருஷமே தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணை நிர்வாகத்தின் அன்றாடக் காரியங்களாக இருந்த காலம். அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதாக இன்றும் பேசப்படுகிறது. அதை மேடை வீரமாக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. திருப்பி அடித்தவனை மறுநாள் தனியாக விட்டுவிடாத ஓர் ஏற்பாடு முதலில் இருந்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் சங்கம் என்று பெயர்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மரக்கால். கூலி நெல்லை அளக்கும் மரக்கால் மிராசுதாருடையது. அதன் கொள்ளளவும் அவர் வைத்தது. சங்கம் அரசு முத்திரையிட்ட மரக்காலைக் கேட்டது. வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கோரிக்கையின் கனம் தெரிகிறது. கூலியைக் கூட்டித் தரச் சொல்பவன் இன்னும் தயவை நம்பலாம். அளவைச் சரியாக வை என்கிறவன் எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்கிறான். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு சவுக்கடி, சாணிப்பால் இரண்டையும் விலக்கி, முத்திரை மரக்காலை ஏற்றது.

சங்கத்தின் பலம் வருஷத்தில் சில நாட்களுக்குத்தான். நாற்று முற்றினால் நடவு காத்திராது. கதிர் சாய்ந்தால் அறுப்பு காத்திராது. அந்த நாட்களில் ஊரே சேர்ந்து நின்றால் பண்ணை பேச வரும். 1948இல் மாயவரம் உடன்பாடு, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று வந்தவை இப்படி வந்தவை. சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களையே அது கட்டுப்படுத்தியது. பண்ணையாள் பலர் தினக்கூலிகளானார்கள். பிறகு மிராசுதார்களும் நெல் உற்பத்தியாளர் சங்கம் கண்டார்கள். அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968இல் கேட்கப்பட்டது அரைப்படி நெல் கூடுதல். பதிலுக்கு வந்த நிபந்தனை செங்கொடியை இறக்கு என்பது. அரைப்படி கொடுக்கக்கூடியதுதான். கொடியின் கீழ் நின்று கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இந்தத் தீயின் காரணத்தை நிலக்கிழாரின் ஆண்மைக் குறையில் தேடியது. 1977இல் அதற்கு சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது. ஒரு தனிமனிதனின் மனக்கோணல் கதைக்கு வசதியானது. ஆனால் 25 வருஷங்கள் கூடிக்கூடிக் கணக்குக் கேட்ட ஜனங்கள் அதில் வெறும் பலியாட்களாகச் சுருங்கிப்போகிறார்கள். அவர்களைக் கொன்றவர்களுக்கு அவர்கள் அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் தீ வைக்க வேண்டியிருந்தது. டி. செல்வராஜின் 'மலரும் சருகும்' திருநெல்வேலிச் சீமையின் முத்திரை மரக்கால் போராட்டத்தை எடுத்துக்கொண்டது. கலையாக அது எவ்வளவு தேறும் என்று நாம் விவாதிக்கலாம். எங்கே பார்க்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

மரக்கால் இலக்கியமாகுமா என்று கேட்பவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு. அளப்பவன் கையைப் பார்த்துக்கொண்டு தலைமுறைகளாக நின்றவர்கள் ஒருநாள் அளவையே பார்க்கத் தொடங்கினார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் நம் கிராமத்துக் கதைகள் எதில் வந்திருக்கிறது?