முத்திரையும் மையும் வளர்த்த வாழ்த்து



நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, ஒரு பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னதாக, வாழ்த்து மடல்கள் செய்ய முற்பட்டேன். கடையில் தொங்கிய வண்ண மடல்களை வாங்க என்னிடம் காசு இல்லை. அம்மாவிடம் ஓர் உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கினேன். அதை இரண்டாக அரிந்து, அரிந்த முகத்தில் ‘பொங்கல்’ என்னும் சொல்லைப் பேனாக்கத்தியால் செதுக்கினேன். மடித்த பழந்துணியில் மையை ஊற்றி, கிழங்கை அதில் ஒற்றி, தாளின்மேல் அழுத்தி எடுத்தேன். சொல் பதிந்தது, ஆனால் இடம் வலமாக மாறிப் பதிந்தது. கொம்பு வலப்பக்கத்திலும் கால் இடப்பக்கத்திலுமாக நின்ற அந்தப் ‘பொங்க’லைக் கண்டு வீட்டில் அனைவரும் நகைத்தனர். நான் எழுத்தைக் கைவிட்டுக் கரும்பையும் பானையையும் செதுக்கி, மஞ்சள் கரைத்த நீராலும் நீல மையாலும் பத்து மடல்கள் அச்சிட்டேன்.

அவற்றுள் ஒன்றை, வேறூர்ப் பள்ளிக்குச் சென்றுவிட்ட தோழன் ஒருவனுக்கு அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. கோடை விடுமுறையில் அவன் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. மார்கழியில் அவனுடைய தந்தையார் காலமாகியிருந்தார். அவ்வாண்டு அந்த வீட்டில் பொங்கல் இல்லை. என் மடலைப் பிரித்துப் பார்த்த அவன் தாயார் வாய்விட்டு அழுதாராம். அவன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

ஒரே வேலையில் நான் செய்த பிழைகள் இரண்டு: ஒன்று கையின் பிழை, மற்றொன்று கருத்தின் பிழை. பிற்காலத்தில் வரலாற்று நூல்களைப் படிக்கும்போது, இவ்விரண்டையும் எதிர்கொண்டு இரண்டுக்கும் வழி கண்ட ஒரு நாட்டை அறிந்தேன். அது ஜப்பான். அந்நாட்டுப் புத்தாண்டு மடலின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாட்காட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பழைய ஜப்பானில் திங்களின் வளர்பிறை தேய்பிறைகளைக் கொண்டே மாதங்களைக் கணக்கிட்டனர். சில மாதங்களுக்கு 30 நாட்கள். சில மாதங்களுக்கு 29 நாட்கள். முன்னவை பெரிய மாதங்கள், பின்னவை சிறிய மாதங்கள். எந்த மாதம் பெரியது, எந்த மாதம் சிறியது என்பது ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தது. வணிகர்கள் கடனுக்குப் பொருள் விற்று, மாதக் கடைசியில் பணம் தண்டுவது அக்கால வழக்கம். ஆகவே மாதம் 29-இல் முடியுமா, 30-இல் முடியுமா என்பது கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உயிர்ப்பான கேள்வி அன்றோ? ஆனால் நாட்காட்டியை எல்லோரும் அச்சிட்டு வெளியிட முடியாது. அரசின் இசைவு பெற்ற பதிப்பாளர்களுக்கே அவ்வுரிமை இருந்தது.

மக்கள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். ஒரு படத்தை வரைந்து, பெரிய மாதங்களின் எண்களையோ சிறிய மாதங்களின் எண்களையோ அப்படத்துக்குள் மறைத்துவைத்தனர். ஆடையின் கோலத்தில் ஓர் எண்; மரக்கிளையின் வளைவில் மற்றோர் எண். இப்படத்தை மரக்கட்டையில் செதுக்கி, மையிட்டுத் தாளில் ஒற்றி, புத்தாண்டுக் காலத்தில் நண்பர்களுக்குக் கொடுத்தனர். பெற்றவர் எண்களைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார். வாழ்த்து, விடுகதை, நாட்காட்டி ஆகிய மூன்றும் ஒரே தாளில் அடங்கின.

1765-ஆம் ஆண்டில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில், இவ்வழக்கம் ஒரு போட்டியாகவே வளர்ந்தது. செல்வமும் கலையார்வமும் படைத்தவர்கள் குழுக்களாகக் கூடித் தங்கள் படங்களைப் பரிமாறிக்கொண்டனர். யாருடைய மடல் மிக நுட்பமானது, யாருடையது மிக அழகியது என்பதே பேச்சு. அவர்களுக்குப் படம் எழுதித் தந்தவர்களுள் தலைசிறந்தவர் சுசுகி ஹருநோபு என்னும் ஓவியர். அவருடைய படம் ஒன்றில், திடீரென மழை வருகிறது. கொடியில் உலர்த்திய துணியை எடுக்க ஒரு பெண் விரைகிறாள். ஓடும் வேகத்தில் அவளுடைய மரச்செருப்பு ஒன்று கழன்று போகிறது. காற்றில் பறக்கும் அந்தத் துணியை உற்று நோக்கினால், அதன் கோலத்தினுள் அவ்வாண்டின் பெயரும், பெரிய மாதங்களாகிய 2, 3, 5, 6, 8, 10 என்னும் எண்களும் தெரியும்!

அதற்கு முன்னர் அந்நாட்டு அச்சுப் படங்களில் கருமை மட்டுமே இருந்தது. அல்லது கருமையோடு இரண்டு மூன்று நிறங்கள் சேர்ந்தன. கடைக்கு வரும் பொருளாதலால் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. நண்பருக்குக் கொடுக்கும் மடலுக்கோ விலை இல்லை. ஆகவே செலவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல தடித்த தாள் வாங்கினர். நிறத்துக்கு ஒரு கட்டையாகப் பல கட்டைகளைச் செதுக்குவித்தனர். இவ்வாறு 1765-இல் முழுவண்ண அச்சுப் படம் பிறந்தது. பட்டுச் சரிகைத் துணிபோல் ஒளிர்ந்ததால் அதற்கு ‘நிஷிகி-ஏ’, அதாவது சரிகைப் படம், என்று பெயரிட்டனர். பின்னர்ப் பதிப்பாளர்கள் அதே கட்டைகளிலிருந்து மாத எண்களை நீக்கிவிட்டு, படங்களாகவே அச்சிட்டு விற்றனர். உலகம் போற்றும் ஜப்பானிய வண்ண அச்சுக்கலை, நண்பருக்கு நண்பர் கொடுத்த புத்தாண்டு மடலின் மடியில் வளர்ந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

என் ‘பொங்கல்’ தலைகீழானதே, அந்தச் சிக்கலை இக்கலைஞர்கள் எவ்வாறு தீர்த்தனர்? வழி மிக எளியது. ஓவியர் மெல்லிய தாளில் படத்தையும் எழுத்தையும் நேராகவே எழுதுவார். செதுக்குபவர் அத்தாளைக் கவிழ்த்துக் காட்டுச் செர்ரி மரப் பலகையின்மேல் ஒட்டுவார். மெல்லிய தாளாதலால் கோடுகள் பின்புறமாகத் தெரியும். ஆனால் இடவலம் மாறித் தெரியும். அக்கோடுகளை விட்டுவிட்டு மற்றப் பகுதியைச் செதுக்கி எடுப்பார். அந்தக் கட்டையை ஒற்றும்போது எழுத்து மீண்டும் நேராகும். ஒரு தாளைத் திருப்பி ஒட்டும் அறிவு எனக்கு இருந்திருந்தால், என் பத்து மடல்களிலும் ‘பொங்கல்’ நேராக நின்றிருக்கும்!

மற்றொரு சிக்கலும் உண்டு. பத்து நிறங்களுக்குப் பத்துக் கட்டைகள் என்றால், ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் பிசகாமல் விழ வேண்டுமே? இதற்காக ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் இரண்டு அடையாளங்கள் செதுக்கினர்: ஒன்று தாளின் மூலை பொருந்தும் மடங்கிய கோடு, மற்றொன்று தாளின் விளிம்பு பொருந்தும் நேர்கோடு. இவற்றைக் ‘கெந்தோ’ என்பர். தாளை இவ்விரண்டிலும் பொருத்தி வைத்து, மூங்கில் மடலால் மூடிய வட்டமான தேய்ப்பானால் முதுகில் தேய்த்தால் நிறம் ஏறும். இயந்திரம் எதுவும் இல்லை. கையும் கண்ணுமே துணை.

மையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கருமை, புகைக்கரியை விலங்குப் பசையோடு கலந்து செய்தது. மடலின் கீழே இடும் பெயர் முத்திரைக்கோ செந்நிற மை வேண்டும். அரைத்த சாதிலிங்கத்தை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, ஒருவகை மூலிகையின் நாரோடு பிசைந்து அதைச் செய்வர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் பெயர் வழங்கும் சாதிலிங்கமும், நம் கொல்லைகளில் விளையும் ஆமணக்கின் எண்ணெயும் அங்கே ஒருவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இனி அஞ்சலின் காலத்துக்கு வருவோம். ஜப்பானில் புதுமுறை அஞ்சல் 1871-இல் தொடங்கியது. பழைய நாட்காட்டி கைவிடப்பட்டு, 1873 சனவரி 1 முதல் மேலைநாட்டு நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. எந்த மாதம் பெரியது என்னும் கேள்வி அன்றோடு ஓய்ந்தது. அதைச் சொல்லப் பிறந்த படமடலின் பணியும் முடிந்தது. ஆனால் அதே ஆண்டின் டிசம்பரில் அஞ்சலட்டை பிறந்தது! வாழ்த்தும் வழக்கம் அந்த அட்டையில் குடியேறியது. சனவரி முதல் நாளின் அஞ்சல் முத்திரை தம் மடலில் விழவேண்டும் என்று மக்கள் விரும்பினர். அதனால் அந்நாளில் அஞ்சலகங்கள் திணறின. எனவே 1899-இல், டிசம்பரிலேயே அட்டைகளைப் பெற்று, முதல் நாள் முத்திரையிட்டு வழங்கும் தனி ஏற்பாடு தொடங்கியது. 1900-இல், மக்கள் தாங்களே செய்த அட்டைகளையும் அஞ்சலில் விட இசைவு கிடைத்தது.

அதன் பின்னர் வீடுதோறும் டிசம்பர் மாதம் ஒரு சிறிய அச்சுக்கூடமாயிற்று. அவ்வாண்டுக்குரிய விலங்கை, எலியோ புலியோ முயலோ, மரத்துண்டில் செதுக்குவர். மரம் செதுக்கத் தெரியாத சிறுவர்களுக்குக் கிழங்கே கட்டை. உருளைக்கிழங்கையோ சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ அரிந்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுச் செதுக்கி ஒற்றும் முறைக்கு ‘இமோ-ஹன்’, அதாவது கிழங்கு முத்திரை, என்று பெயர். இதைப் படித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை என்னென்பேன்! ஈரத்தைத் துடைக்க வேண்டும் என்பதைக்கூட நான் அறியாதிருந்தேன். என் மடல்களில் கரும்பு கசிந்திருந்ததற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது.

போர்க்காலம் இவ்வழக்கையும் விட்டுவைக்கவில்லை. 1940-இல் புத்தாண்டு அட்டைகளுக்கான தனி ஏற்பாடு நிறுத்தப்பட்டது. 1948-இல் மீண்டும் வந்தது. 1949 டிசம்பரில் பரிசுச் சீட்டு எண்ணோடு கூடிய அட்டைகளை அஞ்சல் துறை விற்றது. தலைப்பரிசு எது தெரியுமா? தையல் இயந்திரம். அடுத்தடுத்த பரிசுகளுள் கம்பளித் துணியும், பள்ளிச் சிறுவர்க்கான குடையும் இருந்தன. போரில் நொந்த மக்களுக்கு எவையெவை தேவைப்பட்டன என்பதை இப்பரிசுப் பட்டியலே காட்டுகிறது. 1977-இல் ‘பிரிண்ட் கொக்கோ’ என்னும் சிறிய வீட்டு அச்சுக்கருவி வந்து, ஒரு கோடிக்கு மேல் விற்றது. கணிப்பொறி பரவிய பிறகு, 2008-இல் அதன் விற்பனை நின்றது. 2004-ஆம் ஆண்டுக்கென ஏறத்தாழ 446 கோடிப் புத்தாண்டு அட்டைகள் வெளியிடப்பட்டன. 2025-ஆம் ஆண்டுக்கென முதலில் வெளியிடப்பட்டவை ஏறத்தாழ 107 கோடி. கைப்பேசியின் செய்தி விரைவானது; அதற்கு அஞ்சலட்டை வழிவிடுகிறது. நம் பொங்கல் மடலுக்கும் இதே நிலைதானே நேர்ந்தது?

என் இரண்டாம் பிழைக்கு இனி வருகிறேன். ஜப்பானில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், அவ்வீட்டார் வரும் புத்தாண்டில் வாழ்த்து அனுப்புவதில்லை. அதை அவர்கள் மனத்துள் வைத்துக்கொள்வதுமில்லை. பிறர் தங்கள் மடல்களை எழுதத் தொடங்குமுன்பே, டிசம்பர் மாதத் தொடக்கத்திற்குள், அமைதியான நிறத்தில் ஓர் அட்டை அனுப்புவர். ‘நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், ஆகவே இவ்வாண்டு புத்தாண்டு வாழ்த்தினின்று விலகி நிற்கிறோம், பொறுத்தருள்க’ என்பது அதன் கருத்து. அதைப் பெற்றவர் முயலும் புலியும் துள்ளும் மடலை அவ்வீட்டுக்கு அனுப்பமாட்டார். அதற்காக அவ்வீட்டை மறந்துவிடவும் மாட்டார். புத்தாண்டுக் கொண்டாட்டங்கள் ஓய்ந்தபின், சனவரி 7-க்குப் பிறகு, ‘குளிர் கடுமையாக இருக்கிறது; உடல்நலம் பேணுங்கள்’ என்னும் பொருளில் ஓர் ஆறுதல் மடல் எழுதுவார்.

நம் நாட்டிலும் துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடும் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை நாம் அறிவோம். ஆனால் தொலைவிலுள்ளவருக்கு அதைச் சொல்வதற்கென்று ஒரு மடல் நம்மிடம் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால், என் தோழனின் தாயார் என் கரும்பையும் பானையையும் கண்டு அழ நேர்ந்திராது. என் கையிலிருந்தும் அந்தத் தை மாதத்தில், மஞ்சளும் நீலமும் இல்லாத, நான்கு வரி மட்டும் எழுதிய ஒரு தாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும்.

மாணவர்களே, வாழ்த்து மடல் சிறு பொருள்தான். ஆயினும் ஒரு நாட்டின் நாட்காட்டியும் கடன் கணக்கும் அச்சுக்கலையும் அஞ்சலும் போரும் துக்கமும் அச்சிறு தாளில் தம் சுவட்டைப் பதித்திருக்கின்றன. வரும் பொங்கலுக்கு நீங்களும் ஒரு கிழங்கை எடுத்துப் பாருங்கள். செதுக்குமுன், எழுதிய தாளைக் கவிழ்த்து ஒட்டுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு மையில் ஒற்றுங்கள். மடலில் முகவரி எழுதுமுன், அந்த வீட்டில் இப்போது யார் யார் இருக்கின்றனர் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.