கொயினா பொட்டலமும் பஸ் ஸ்டாண்ட் தைலமும்



பெரியகுளம் பஸ் ஸ்டாண்டிலோ பெருமாள்மலையிலோ நீங்கள் காத்திருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து பாட்டிலை நீட்டியிருப்பார். "மூட்டு வலியா அய்யா? சுத்தமான மூலிகைத் தைலம். சர்க்கரையை அடியோட எடுக்கிற வேரும் இருக்கு" என்பார். லேபிள் இருக்காது, பில்லும் இருக்காது. இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததல்ல. இதற்கு நம் நாடு கண்ட மாற்று வழி, மலேரியாக் காய்ச்சலில் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் மலையடிவாரங்கள் என்றாலே காய்ச்சலுக்குப் பயப்படுவார்கள். கொடைக்கானல் உருவானதற்கே நோய் ஒரு காரணம். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி, 1845-ல் மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். மலையேறித் தப்பிக்க வசதியில்லாத ஏழைகளுக்குக் கொயினாதான் கதி. அதற்காக நீலகிரியில் 1860 வாக்கில் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கினார்கள்.

மருந்து இருந்தும் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. வங்காளத்தில் 1892-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தபால் ஆபீஸிலேயே காலணாவுக்கு ஒரு கொயினா பொட்டலம்! மற்ற மாகாணங்களுக்கும் இந்த முறை பரவியது. விலை மலிவு என்பது ஒரு பக்கம். விற்பவர் நாளையும் அதே ஜன்னலில் இருப்பார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வெளிச் சந்தையில் நிலைமை வேறு. கசப்பைக் காட்டி எதையும் கொயினா என்று விற்கலாம். உள்ளே மருந்து எவ்வளவு என்று நாக்கு சொல்லாது. கலப்பட மருந்துகளைப் பற்றி 1927-ல் டெல்லி மேல்சபையில் பேச்சு எழுந்தது. 1930 ஆகஸ்டில் ஆர்.என்.சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. மறு வருடம் அது கொடுத்த அறிக்கையிலிருந்துதான் 1940-ன் மருந்துச் சட்டம் பிறந்தது.

பி.காம். படித்தவர்களுக்கு அதே 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் நினைவிருக்கும். 'வாங்குபவரே, விழிப்பாயிரு' என்பது அதன் பழைய பாடம். துணியைத் தடவிப் பார்க்கலாம், அரிசியைக் கடித்துப் பார்க்கலாம். மருந்தை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் பொறுப்பைத் தயாரிப்பவர், விற்பவர் தலையில் சட்டம் வைத்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கிளார்க் ஸ்டான்லி என்பவர் 1893 சிகாகோ பொருட்காட்சியில் கூட்டத்துக்கு நடுவே பாம்பை அறுத்துக் காட்டி 'பாம்பு எண்ணெய்' விற்றார். பின்னாளில் அரசு சோதித்தபோது அதில் பாம்பு எண்ணெயே இல்லை. அபராதம் வெறும் 20 டாலர்.

நம் நாட்டில் 1954-ல் இன்னொரு சட்டம் வந்தது. சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை, பக்கவாதம் உட்படப் பல நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். வாயால் கூவுவதும் விளம்பரம்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை விதிக்கலாம்.

ஆனாலும் பஸ் கிளம்பிய பிறகு அந்த ஆளை எங்கே தேடுவது? பாட்டிலுக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். வேரை நம்பி, ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் கண்ணும் காலும் சிறுநீரகமும் போகும். நம்மைப் போல் மலையில் இருப்பவர்களுக்கு அவசரம் என்றால் உடனே டாக்டரும் கிடைக்கமாட்டார்.

ஆகவே மருந்து எதுவானாலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், காலாவதி தேதி பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். 1892-ல் தபால் ஆபீஸ் செய்த வேலையை இன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' செய்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.