மீளமைப்பு (நுண்கட்டுப்படுத்தி)

மீளமைப்பு அல்லது ரீசெட் என்பது நுண்கட்டுப்படுத்தி ஒன்றை வரையறுக்கப்பட்ட தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, அதன் நிரலை முதலிலிருந்து இயங்கச் செய்யும் செயற்பாடு ஆகும். மின்சாரம் வழங்கப்படும் கணத்தில் சில்லின் உட்சுற்றுகள் எந்நிலையில் இருக்கும் என முன்கூட்டியே கூற இயலாது. எனவே மீளமைப்பு பழுது நேரும்போது மட்டும் தேவைப்படுவதன்று. கருவி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் நிகழ்கிறது.

செயற்படும் முறை

மீளமைப்புக் குறிகை கிடைத்ததும் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் தத்தம் தொடக்க மதிப்புகளைப் பெறுகின்றன. குறிகை நீங்கியபின், நிரல் எண்ணி குறிப்பிட்ட முகவரியிலிருந்து கட்டளைகளைப் படிக்கத் தொடங்குகிறது. இன்டெல் நிறுவனம் 1980 இல் வெளியிட்ட 8051 இல் இம்முகவரி 0 ஆகும். இதன் மீளமைப்பு முனையில், அலையியற்றி இயங்கும் நிலையில், குறைந்தது 24 கடிகாரத் துடிப்புகளுக்கு உயர்நிலை நீடிக்க வேண்டும். 12 மெகாஏர்ட்சு கடிகாரத்தில் இது 2 மைக்ரோநொடி ஆகும். மின்சாரம் வந்தவுடன் இக்குறிகையை உண்டாக்க, ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும் கொண்ட எளிய சுற்று பொதுவாகப் பயன்படுகிறது.

மீளமைப்பின் வகைகள்

ஆர்டுயினோ யுனோ பலகையால் பரவலாக அறியப்பட்ட ஏடிமெகா328பி நான்கு வகைகளில் மீளமைக்கப்படலாம்.

* மின்தொடக்க மீளமைப்பு: மின்வழங்கல் தொடங்கும்போது நிகழ்வது.
* புற மீளமைப்பு: மீளமைப்பு முனை 2.5 மைக்ரோநொடிக்கு மேல் தாழ்நிலையில் இருந்தால் நிகழ்வது. 8051 இல் உயர்நிலையும் இங்கு தாழ்நிலையும் மீளமைப்பை உண்டாக்குவது கவனிக்கத்தக்கது.
* மின்னழுத்த வீழ்ச்சி மீளமைப்பு: மின்னழுத்தம் தெரிவுசெய்யப்பட்ட அளவுக்குக் (1.8, 2.7 அல்லது 4.3 வோல்ட்) கீழே இறங்கும்போது நிகழ்வது. போதிய மின்னழுத்தம் இல்லாத நிலையில் செயலி கட்டளைகளைத் தவறாக நிறைவேற்றி, நிலை நினைவகத்தில் உள்ள தரவுகளைச் சிதைத்துவிடக்கூடும். அதனை இது தடுக்கிறது.
* காவல் மீளமைப்பு: வாட்ச்டாக் எனப்படும் காவல் நேரங்கணிப்பியை நிரல் உரிய காலத்துக்குள் புதுப்பிக்காவிடில் நிகழ்வது. இக்காலத்தை ஏறத்தாழ 16 மில்லிநொடி முதல் 8 நொடி வரை அமைக்கலாம்.

காரணத்தை அறிதல்

மேற்கண்ட ஒவ்வொரு வகைக்கும் எம்சியுஎஸ்ஆர் என்னும் பதிவகத்தில் ஒரு கொடி உண்டு. தொடங்கியவுடன் இக்கொடிகளைப் படித்து, பின்னர் அழிக்க வேண்டும். அழிக்காவிடில் பழைய காரணமும் புதிய காரணமும் ஒன்றாகத் தெரியும். காவல் மீளமைப்புக்குப் பின் காவல் நேரங்கணிப்பி மிகக் குறுகிய கால அளவுடன் தொடர்ந்து இயங்குகிறது. அதன் கொடியை அழித்த பின்னரே அதனை நிறுத்த முடியும். இதனை அறியாத நிரல், தொடக்கப் பணிகள் முடியுமுன்னரே மீண்டும் மீண்டும் மீளமைக்கப்படக்கூடும்.

மீளமைப்பால் மாறாதவை

மின்சாரம் தடைபடாதவரை, இவ்விரு சில்லுகளிலும் மீளமைப்பு தற்காலிக நினைவகத்தை அழிப்பதில்லை. சி மொழி நிரல்களில் மாறிகள் சுழியமாவது, மொழிபெயர்ப்பி சேர்க்கும் தொடக்க நிரற்பகுதியாலேயே ஆகும். இப்பண்பைப் பயன்படுத்தி, மீளமைப்புக்கு முந்தைய பிழை விவரங்களைத் தொடக்கப்பகுதி தொடாத இடத்தில் சேமித்து வைக்கலாம்.

வெளியீட்டு முனைகளும் பாதுகாப்பும்

மீளமைப்பின்போது 8051 இன் துறைகள் அனைத்தும் 1 என்னும் மதிப்பைப் பெறுகின்றன. ஆகவே 1 கிடைத்தால் மோட்டாரை இயக்கும் சுற்று ஒன்று இணைக்கப்பட்டிருந்தால், நிரலின் முதற்கட்டளைக்கு முன்னரே மோட்டார் ஓடத் தொடங்கலாம். ஏடிமெகா328பி இன் துறைமுனைகளோ எந்நிலைக்கும் இழுக்கப்படாமல் மிதக்கின்றன. அவற்றைப் பாதுகாப்பான நிலையில் நிறுத்த வெளியே ஒரு மின்தடை இணைக்கப்பட வேண்டும். வெப்பமூட்டி, எக்கி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் இது இன்றியமையாதது.

காவல் நேரங்கணிப்பியின் வரம்பு

காவல் நேரங்கணிப்பியைக் குறுக்கீட்டு நிரற்பகுதியில் புதுப்பிப்பது பரவலான தவறாகும். முதன்மை நிரல் உறைந்துவிட்டாலும் குறுக்கீடு தொடர்ந்து இயங்கலாம். அப்போது காவல் பயனற்றுப்போகிறது. முதன்மைப் பணிகள் அனைத்தும் நிறைவேறியதை உறுதிசெய்த பின்னரே புதுப்பிக்க வேண்டும்.

மீளமைப்பு பிழையின் விளைவை நீக்குமேயன்றிப் பிழையை நீக்காது. 1997 சூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்சு பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் திரும்பத் திரும்ப மீளமைக்கப்பட்டது. அது நுண்கட்டுப்படுத்தி அன்றெனினும் காவல் முறை ஒத்ததே. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பொது வளத்தைப் பிடித்திருந்ததால், முன்னுரிமை மிக்க பணி காத்திருக்க நேர்ந்ததே காரணம். பொறியாளர்கள் புவியிலிருந்த ஒத்த கணினியில் அந்நிலையை மீண்டும் உருவாக்கிக் காரணத்தைக் கண்டறிந்து, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். மீளமைப்பு விண்கலத்தை இயங்கும் நிலையில் வைத்திருந்தது. காரணத்தைத் தேடியதே சிக்கலைத் தீர்த்தது.