கொலைகாரனின் சட்டை எங்கிருந்து வந்தது?

கல்யாணிலிருந்து கர்ஜத் பக்கம் போகும் லோக்கலில் விட்டல்வாடிக்கு அடுத்த ஸ்டேஷன் உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ முகாமாக இருந்து, பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறிய இடம். 1949 ஆகஸ்டில் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அடிக்கல் நாட்டி ஊராக்கினார். வயதானவர்களுக்கு இன்றும் அது ‘கேம்ப்’தான். ஜீன்ஸ், சட்டை, பெல்ட், போலி வெளிநாட்டுச் சாமான் எல்லாம் குவிந்து கிடக்கும் சந்தை. கல்யாணிலும் டோம்பிவிலியிலும் கல்லூரியில் படித்துக்கொண்டே த்ரில்லர் குறும்படம் எடுக்கக் கிளம்பும் தமிழ்ப் பிள்ளைகள் நாடக உடை வாடகைக்கு விடும் கடைக்குப் போவதைவிட இந்தச் சந்தைக்குப் போவதே மேல் என்பேன். கையில் காசு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்தான். த்ரில்லரின் உடையும் பொருளும் பார்ப்பவனைப் பயமுறுத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுபவை அல்ல, அந்த ஆள் எதைச் செய்து பிழைக்கிறான் என்று காட்டத் தேர்ந்தெடுக்கப்படுபவை. தமிழ்த் திரையின் வரலாறும் அப்படித்தான் சொல்கிறது.

நம் சினிமாவுக்கு உடை முதலில் வந்தது நாடகக் கம்பெனியின் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டிக்கும் பம்பாய்க்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிராண்ட் ரோடு பக்கம் வளர்ந்த பார்சி நாடகக் குழுக்கள் ஜரிகை, வெல்வெட், தீட்டிய திரைச்சீலை என்று கண்ணைப் பறிக்கும் பாணியை ஊர் ஊராகக் கொண்டுபோயின. சென்னை மேடையும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ராஜா வேஷம் என்றால் கிரீடம், வில்லன் என்றால் முறுக்கு மீசை. கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் ஆள் யாரென்று தெரிய வேண்டுமே, அதனால் மேடைக்கு அது சரி. ஆனால் குற்றவாளி யாரென்று கடைசிவரை மறைத்து வைக்க வேண்டிய கதைக்கு அந்தப் பெட்டியில் எடுக்க ஒன்றுமில்லை. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ அதைப் புரிந்துகொண்ட படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943இல் கதை நடக்கிறது. சுட்டுக் கொல்லப்படும் ராஜன் ரேடியோ இன்ஜினீயர், படித்தவன், மிடுக்காக உடுத்துபவன். அவன்தான் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது சட்டையில் எழுதியிருக்கவில்லை. ராஜனாக நடித்த சிவாஜி அந்த உடையில் நல்லவனாகவும் இருந்திருக்கலாம் என்பதில்தான் படமே நிற்கிறது.

மாணவர்கள் எடுத்த த்ரில்லர் என்றால் நமக்குப் பெரிய உதாரணம் ‘ஊமை விழிகள்’. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வெளிவந்த ஆபாவாணன், ஆர். அரவிந்தராஜ் குழுவினர் 1986இல் சினிமாஸ்கோப்பில் எடுத்தது. ஒரு சுற்றுலா விடுதியைச் சுற்றிப் பெண்கள் காணாமல் போகிறார்கள். இங்கே எதிர்க்கேள்வி உடனே வரும். அந்தப் படத்தை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் சொல்வது குதிரை வண்டியையும் அந்தக் கிழவியையும்தானே? அதெல்லாம் அப்பட்டமான நாடகப் பெட்டிச் சரக்கு இல்லையா? ஆமாம், அந்தக் கிழவி பார்த்ததுமே பயமுறுத்தப் படைக்கப்பட்டவள்தான், மறுக்கவில்லை. ஆனால் கதை முழுவதையும் அவள் தலையில் ஏற்றியிருந்தால் படம் அரை மணி நேரத்தில் சிரிப்புக்கு இடமாகியிருக்கும். கொலைக்குப் பின்னால் இருப்பவன் பி.ஆர்.கே. என்ற பணக்காரன். அந்த வேஷத்துக்கு அவர்கள் பிடித்தது ‘காதலிக்க நேரமில்லை’யின் காதல் நாயகன் ரவிச்சந்திரனை. விடுதி முதலாளி எப்படி உடுத்துவாரோ அப்படி உடுத்தி, மரியாதையாகப் பேசும் ஆள். கிழவி தரும் பயம் அந்தக் காட்சியோடு போய்விடும். வீடு வரை கூட வருவது இவர்தான்.

வெளிநாட்டிலிருந்து இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) குறைந்த செலவில் எடுத்த படம். அதில் கொலைகாரன் போட்டிருப்பது முகமூடி, பயமுறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க்கின் முகத்தில் வார்த்த ரப்பர் முகமூடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கதைக்குள் பாருங்கள். அந்த முகமூடி ஊர் ஹார்டுவேர் கடையிலிருந்து, கயிற்றோடும் கத்திகளோடும் திருடப்பட்டது. உடல் முழுக்க மூடும் அந்த வேலை உடுப்பு வழியில் கொல்லப்பட்ட மெக்கானிக்குடையது. மனநல மருத்துவமனையிலிருந்து தப்பியவனுக்கு இவை எப்படிக் கிடைத்தன என்று படம் கணக்குச் சொல்கிறது. கணக்கு இருந்தால் முகமூடியும் நிற்கும்.

பம்பாய்த் தமிழனைத் திரையில் உடுத்திக் காட்டிய வரலாறுதான் உடை பிழைப்பைக் காட்டும் என்பதற்கு நமக்கு மிக நெருங்கிய சான்று. பம்பாய் தாதா வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவி மணிரத்னம் எடுத்த ‘நாயகன்’ 1987இல் வந்தது. தாராவியின் பெரும்பகுதியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் கட்டி எழுப்பினார், தேசிய விருதும் வாங்கினார். செட்டை விட என்னை யோசிக்க வைப்பது கதாநாயகன் வேலு நாயக்கரின் வெள்ளை வேட்டிதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டுப் பிழைத்த ஊர் தாராவி. சாக்கடையும் சாயமும் தோலும் புழங்கும் சந்தில் வெள்ளை வேட்டி நாள் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டுமானால், கட்டியிருப்பவர் கையால் வேலை செய்யாதவராக இருக்க வேண்டும், துவைக்க ஆளும் இருக்க வேண்டும். அவர் எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டார் என்பதை வசனம் சொல்லுமுன் வேட்டி சொல்லிவிடுகிறது. பா. ரஞ்சித் 2018இல் ‘காலா’வில் இதைத் திருப்பிப் போட்டார். தாராவித் தலைவருக்குக் கறுப்பு, நிலத்தைப் பிடுங்க வரும் ஹரி தாதாவுக்கு வெள்ளை. அது அரசியல் நிறம் என்பார்கள். உண்மைதான், ஆனால் கறுப்பு அழுக்கைத் தாங்கும் நிறமும்கூட. உழைக்கிறவன் சட்டையாக அது இருந்ததால்தான் அரசியலும் அதன்மேல் ஏறி உட்கார முடிந்தது.

சந்தையில் வாங்கச் சொல்வதற்கு எதிராக நடைமுறைக் கேள்வி ஒன்று இருக்கிறது, உதவி இயக்குநர்கள் கேட்பது. கொலைக் காட்சியில் சட்டையில் ரத்தம் படும், டேக் சரியில்லை என்றால் திரும்ப எடுக்க வேண்டும், அதற்கு ஒரே மாதிரி மூன்று நான்கு சட்டை வேண்டும், பழைய துணிக்கடையில் ஒன்றுதானே கிடைக்கும்? சரியான கேள்வி. அதற்குத்தான் கேம்ப். அங்கே ஒரே டிசைனில் லாட்டாக வாங்கலாம், துவைத்துத் தேய்த்துப் பழசாக்குவது நம் வேலை. கழுத்துப்பட்டி வெளுக்காத புதுச் சட்டையில் வரும் கொலைகாரனைப் போல நம்பிக்கை கெடுப்பது வேறில்லை. பழைய டெலிபோன், சுவர்க் கடிகாரம் என்று பொருளுக்குக் காலத்தின் தழும்பு வேண்டுமென்றால் மட்டன் தெரு சோர் பஜார் இருக்கிறது. பெரிய படக் கம்பெனிகளும் அங்கே வருவதுண்டு.

சந்தையில் வாங்கு என்ற இந்த விதி உடைவது இரண்டு இடத்தில்: துப்பாக்கி, காக்கி. 1992இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யை ஏழாயிரம் டாலரில் எடுத்த ராபர்ட் ரோட்ரிகஸ் உள்ளூர் போலீஸாரிடமே துப்பாக்கி இரவல் வாங்கினார், சில காட்சிகளில் தண்ணீர்த் துப்பாக்கி. கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் 2021இல் நிஜத் துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்த பிறகு அந்தக் கதையை மாணவர்களுக்கு யோசனையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பொம்மைத் துப்பாக்கி போதும், தூரத்தில் வைத்துப் படம் பிடித்தால் தெரியாது. காக்கிக்கு வருவோம். ஏமாற்றும் நோக்கத்தோடு அரசு ஊழியர் சீருடை போடுவதுதான் சட்டப்படி குற்றம், நடிப்பதற்குப் போடுவது அல்ல. ஆனால் மாலை ஆறரைக்குக் கல்யாண் மேம்பாலத்தில் காக்கிச் சட்டையோடு ஒரு பையன் யாரையாவது துரத்தினால் கூட்டத்துக்கு அவன் நோக்கம் எப்படித் தெரியும்? ஸ்டேஷனுக்குள் எடுக்க ரயில்வே அனுமதியும் வேண்டும். கதையில் போலீஸ் வேண்டுமென்றால் கிரைம் பிராஞ்ச் ஆளாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மஃப்டியில்தான் சுற்றுவார்கள். அதற்கு ஒரு கட்டம் போட்ட சட்டை போதும், கொலைகாரனுக்கு வாங்கிய அதே கடையில் கிடைக்கும்.